கலை வந்திட்டுது எண்டால் எது வந்தது?

எழுவான்கரை | மே 14, இரவு 9:05

கண்ணகை அம்மன் கதவு திறக்கிற நாள் கிட்ட வருது. முடியாமக் கிடக்கிற ஒரு சண்டைய இதுல போடுறன்.

எங்கட மட்டக்களப்புப் பக்கம் ‘அவருக்குக் கலை வந்திட்டுது’ எண்டால் அவர் படம் கீறப் பழகிட்டார் எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க. தெய்வம் ஏறிட்டுது, வேப்பிலைய எடுங்க எண்டுதான் அர்த்தம். பல்கலைக்கழகத்தில அதே சொல்லுக்கு பட்டம் குடுக்கிறாங்க. என்ட கருத்து இது: இந்த ரெண்டு கலையும் ஒண்டையொண்டு தின்னும். குளிர்த்தி (அம்மனைக் குளிர்விக்கிற சடங்குப் பாட்டு) பாடேக்க ‘குரல் நல்லாரிக்கி’ எண்டு மனசில பட்ட உடனேயே கும்பிடுறது நிண்டு போச்சு. கும்பிடுறவனுக்கு ரசனை தேவையில்ல, ரசிக்கிறவனுக்கு சாமி தேவையில்ல. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

படுவான்கரை | மே 14, இரவு 10:30

சொல்லில் இருந்து தொடங்குவம். கலை என்றால் முதலில் கூறு, பங்கு. சந்திரனுக்குப் பதினாறு கலை என்கிறோமே, அந்தக் கலை. கும்பாபிசேகத்தில் கலாகர்ஷணம் என்றொரு கிரியை உண்டு: திருப்பணிக்கு முன் மூர்த்தியில் உள்ள தெய்வக் கலையைக் கும்பத்துக்கு இறக்கி வைப்பது. ‘கலை வந்திட்டுது’ என்பதும் அந்த வழிதான். தெய்வத்தின் ஒரு கூறு ஆளில் இறங்குகிறது. அறுபத்துநான்கு கலையும் அதே சொல்லின் வேறு கிளை. ஆகவே சொல் உமக்குச் சாட்சி சொல்லாது தம்பி. மற்றதுக்கு நாளைக்கு வாறன்.

சல்லரி | மே 14, இரவு 10:41

அறுபத்துநான்கில் களவும் ஒண்டு எண்டு சொல்லுவாங்க. ஸ்பீக்கர் வாடகைக்காரனுக்கு அந்தக் கலை எப்பவோ வந்திட்டுது.

படுவான்கரை | மே 15, பிற்பகல் 4:20

நேற்றையதன் மிச்சம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மனசுக்குள் என்ன நடக்குது என்று கேட்டால் இந்த வழக்கு தீராது. ஒருவன் உள்ளே மற்றவன் எட்டிப் பார்க்க ஏலாது. அதை விட்டிட்டு வேறொன்றைக் கேளுங்கள்: அந்த இடத்தில் எது பிழையாக எண்ணப்படுகிறது?

கோயிலில் கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை ஏடு படிக்கிற இடத்தை எடுங்கள். வரம்பெறு காதையில் தொடங்குகிறது. கப்பல் வைத்தது, கடலோட்டு, கலியாணம், மாதவி அரங்கேற்று, வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், உயிர்மீட்சி, வழக்குரை என்று போய்க் குளிர்ச்சிக் காதையில் முடிகிறது. இதில் கடலோட்டு காதை இளங்கோவடிகளிடம் இல்லாதது. சிலம்புக்கு மணி தேடிக் கப்பல் போவதும், மீகாமன் வெடியரசனோடு பொருவதுமாகக் கடலும் சண்டையும் நிரம்பிய பகுதி. கதையோட்டத்துக்கு நீட்டு, சுருக்கலாம் என்று ஒரு நாடக ஆசிரியன் சொன்னால் அவன் சொல்வதில் நியாயம் உண்டு. கோயிலில் அதைச் சுருக்கிப் பாருங்கள்! படிப்பவர் தொண்டை கட்டி, சுருதி விட்டு, இருமி இருமிப் படித்தாலும் யாரும் எழும்பிப் போகமாட்டார்கள். ஒரு ஏட்டைத் தள்ளிவிட்டு மற்ற ஏட்டுக்குப் போனால் பின்னால் இருக்கிற கிழவி கண்டுபிடிப்பா.

மேடையில் இது தலைகீழ். நூறு அடி பாட்டில் நாற்பதை வெட்டலாம், சபைக்குத் தெரியவே தெரியாது. குரல் பிசகினால் கதிரை சத்தம் கேட்கத் தொடங்கும்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன்: விடுபட்டால் குற்றம் என்றால் அது வழிபாடு, விகாரமானால் குற்றம் என்றால் அது கலை. உள்ளே பொங்கும் உணர்ச்சி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

எழுவான்கரை | மே 15, மாலை 6:02

அப்ப நான் சொன்னதுதானே அண்ணன்? ரெண்டும் வேற எண்டு நீங்களே பிரிச்சுக் காட்டிட்டீங்க.

அக்கரைப்பற்று | மே 15, இரவு 8:48

படுவான்கரை அண்ணன்ட அளவுகோலை எங்கட பக்கம் கொண்டு வந்து பார்த்தன். பொருந்துது, ஆனா ஒரு இடத்தில உடையுது.

குர்ஆன் ஓதுறதில பிழைய ரெண்டா வகுத்து வச்சிருக்காங்க. லஹ்ன் ஜலீ எண்டால் வெளிப்படையான பிழை: எழுத்து மாறுறது, ஹறகத்து (உயிர்க்குறி) மாறுறது. அல்ஹம்துவில வாற ஹா தொண்டை நடுவில இருந்து வரோணும். நம்மட தமிழ் ஹா மாதிரி ஓதினால் எழுத்தே மாறிப் போச்சு. லஹ்ன் கஃபீ எண்டால் மறைவான பிழை: மூக்கொலி ரெண்டு எண்ணிக்கை நிக்க வேண்டிய இடத்தில நிக்காம ஓடுறது, மத்தை (உயிரொலி நீட்டத்தை) குறைச்சு நீட்டுறது. சாதாரண மத்து ரெண்டு எண்ணிக்கை, முத்தஸில் எண்ட வகை நாலு அல்லது அஞ்சு, லாஸிம் எண்ட வகை ஆறு. குர்ஆன்ட முதல் அத்தியாயமான பாத்திஹா சூறா முடியிற சொல்லில ஒரு லாஸிம் மத்து வருது. அதில ஆறு எண்ணாம ஓடிப் போற ஆக்களை ஓதத் தெரிஞ்ச யாரும் உடனே பிடிச்சிருவாங்க.

இப்ப பாருங்க. மறைவான பிழை எண்டு சொல்ற எல்லாமே காதுக்கு அழகு குடுக்கிற விசயங்கள். நீளம், மூக்கொலி, எங்க நிறுத்துறது, எங்க மூச்செடுக்கிறது. அழகு அதுல வெளியில இருந்து பூசின வர்ணம் இல்ல, சட்டத்துக்குள்ளயே இருக்கு. விடுபட்டாலும் குற்றம், விகாரமானாலும் (சின்னக்) குற்றம். அப்ப உங்கட ரெண்டு பெட்டியில இது எந்தப் பெட்டி?

இன்னொண்டு. கிறாஅத் (ஓதல்) போட்டியில பயாத்தி எண்ட மகாமில (அரபு ராகத்தில) தொடங்கி, ஹிஜாஸ், றாஸ்த் எண்டு போய், திரும்பவும் பயாத்தியில முடிக்கிறது வழக்கம். ஆனா மகாமுக்காக மத்தை ஏழு எட்டுக்கு இழுத்தா புள்ளி வெட்டுவாங்க. ராகம் சட்டத்துக்குக் கீழதான். அதை இசை எண்டு சொல்லவும் கூடாது, சொன்னா என்னைப் பள்ளிவாசல்ல தேடுவாங்க.

படுவான்கரை | மே 15, இரவு 11:15

தோற்றேன். அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்ன இடத்தில் என் அளவுகோல் முறிகிறது, படுக்கப் போகிறேன்.

சல்லரி | மே 16, காலை 6:30

முறிஞ்சதெண்டால் கொம்புமுறிக்கு (ரெண்டு சேரி கொம்பு கொழுவி இழுக்கிற அம்மன் விளையாட்டுக்கு) குடுங்க. வடசேரியா தென்சேரியா எண்டு மட்டும் சொல்லுங்க, நாங்க கோவலன் பக்கம்.

சரி பகிடி போதும். கூத்துக்காரன் பக்கத்தில இருந்து சொல்றன். அண்ணன்ட பிரிப்பு கூத்தில முதல் நாளே உடைஞ்சு போகும். சட்டம் (ஆளாளுக்குரிய பாட்டுக் கொப்பி) குடுக்கிறதில இருந்து, சதங்கை அணி, அடுக்குப் பார்க்கிறது (ஒத்திகை), அரங்கேற்றம் வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் சாமிக்கு மடை (படையல்) உண்டு. ஆனா ஆட்டத்தில பிழை விட்டா கூத்துப் பழக்கிற அண்ணாவியார் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார், கையில இருக்கிற சல்லரித் தாளத்தாலேயே எறிவார். பொடியடி, வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி எண்ட ஆட்ட அடி எல்லாம் தாளத்தில விழோணும். வடமோடி எண்ட கூத்து வகையில கரப்புடுப்பும் (வளையம் வச்சு விரிச்ச உடுப்பு) முடியும் போட்டுக்கொண்டு கிறுகேக்க, உடுப்பு அரை அடி பிந்தித்தான் கிறுகும். அதைக் கணக்கில எடுத்து உடம்பை முந்தித் திருப்பத் தெரியாட்டி அடுத்த ஆளில முட்டும். மற்ற வகை தென்மோடிக்கு உடுப்பு இலகு, ஆட்டம் நுணுக்கம், பிழை இன்னும் வெளிச்சமாத் தெரியும்.

இதில எது வழிபாடு, எது கலை? பிரிச்சால் ரெண்டும் செத்திரும்.

எழுவான்கரை | மே 16, காலை 7:10

பிரிச்சுத்தானே மேடைக்குக் கொண்டு போனாங்க? செத்ததா?

படுவான்கரை | மே 16, மாலை 5:45

நல்ல கேள்வி. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று கொண்டு வந்தபோது விடிய விடிய ஆடியது சில மணித்தியாலத்துக்குள் வந்தது. நேரம் குறைந்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியது களரி. ஊர்க் களரி வட்டம். சபை நாலு பக்கமும். எட்டுப் போட்டு ஆடுகிறவனுக்கு முதுகு என்று ஒன்று இல்லை, அவன் முதுகு வேறொருவனுக்கு முகம். படச்சட்ட மேடைக்கு வந்ததும் மூன்று பக்கம் அடைபட்டது, ஆட்டம் ஒரு பக்கம் திரும்பியது. களரியில் ஆடுபவனுக்குப் பின்னாலேயே நின்ற மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டும் ஓரத்துக்குப் போனால், தாளம் முதுகில் வந்து மோதுவது போய்க் காதில் மட்டும் கேட்கும்.

செத்ததா என்றால் இல்லை. இராவணேசனைப் பார்த்து உடம்பு சிலிர்த்தவர்களிடம் போய் அது செத்த பொருள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மேடையில் ஒன்று வந்து சேர்ந்தது: பார்ப்பவன் இருட்டில், ஆடுபவன் வெளிச்சத்தில். ஊரில் பார்ப்பவன் முகமும் தெரியும். அவன் பிள்ளை நித்திரை கொள்வதும், கடலை விற்பதும், நடுச்சாமத்தில் தேத்தண்ணி வருவதும் அந்த வெளிச்சத்துக்குள்தான். ‘பக்தியோடு பார்த்தார்கள்’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கடலையை விட்டுவிடுகிறார்கள்.

எழுவான்கரை | மே 16, மாலை 6:20

கடலைய வச்சுக் கேட்கிறன். அரைவாசிச் சனம் நித்திரை, மிச்சம் கடலை. அப்ப பக்தியும் இல்ல ரசனையும் இல்லையே?

படுவான்கரை | மே 16, இரவு 9:50

காசுமீரத்து அபிநவகுப்தர் (ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர், பழுத்த சைவர்) நாட்டிய சாஸ்திர உரையில் ரசத்துக்கு (கலையைச் சுவைக்கிற அனுபவத்துக்கு) ஏழு தடைகள் சொல்கிறார். அதில் ஒன்று, பார்ப்பவன் தன் சொந்த இன்ப துன்பத்தில் மூழ்கிக் கிடப்பது. காணி வழக்கு, பிள்ளையின் சோதனை, வட்டிக்காசு. அதற்கு மருந்தாகப் பாட்டையும் வாத்தியத்தையும் அலங்கரித்த மண்டபத்தையும் சொல்கிறார். ஆக, மத்தளம் கதைக்குத் துணை மட்டுமல்ல. வட்டிக்காசை மறக்கடிக்கிற கருவி. விடிய விடிய நடக்கிற கூத்துக்கு அந்த வேலைக்கு ஒரு இரவு முழுக்க இருக்கிறது. பத்து மணிக்குக் கடலை, மூன்று மணிக்குக் கண்ணீர். இரண்டு மணித்தியால மேடையில் ஆள் காணி வழக்கை விட்டு வெளியே வருமுன் மங்களம் பாடிவிடுகிறார்கள்.

அவருக்குப் பிந்திய விசுவநாதர், 14ஆம் நூற்றாண்டு, சாகித்திய தர்ப்பணத்தில் ரசத்தை அனுபவிப்பது பிரமத்தை அனுபவிப்பதன் உடன்பிறப்பு என்றார்.

சல்லரி | மே 16, இரவு 9:58

உடன்பிறப்பு எண்டால் எல்லைக் கல்லுச் சண்டையும் இருக்கும். அதுதான் இந்த இழை.

அக்கரைப்பற்று | மே 17, காலை 5:55

ஜேர்மனியில றுடோல்ப் ஒட்டோ எண்ட சமய அறிஞர் 1917இல எழுதின புத்தகத்தில, மேற்கு நாட்டுக் கலை தெய்வீக அச்சத்தை நேரடியாக் காட்டுறதுக்கு வச்சிருக்கிற வழி ரெண்டு, இருளும் மௌனமும் எண்டு சொல்றார். கீழைத்தேயத்துக்கு வெறுமையையும் சேர்க்கிறார்.

நம்மட பக்கம் அவர் வந்திருந்தா என்ன சொல்லியிருப்பார் எண்டு யோசிச்சன். குளிர்த்தியில உடுக்கும் சிலம்பும், நாகூர்க் கொடியேத்தத்தில பக்கீர் பாவாட (சூபிப் பாடகர்ட) றபானும் (தோல் கொட்டும்), ரெண்டிலயும் இருள் கொஞ்சம் இருக்கு, மௌனம் மருந்துக்கும் இல்ல. சத்தத்தாலதான் அச்சம் வருது.

படுவான்கரை | மே 17, காலை 8:30

அருமை காக்கா. ஒரு திருத்தம் மட்டும்: மௌனம் இருக்கிறது, ஆண்டு முழுக்க இருக்கிறது. பல ஊர்களில் கண்ணகை அம்மன் கதவு வைகாசியில் சில நாள் திறந்து, குளிர்த்தி முடிய அடைபட்டால் பிறகு அடுத்த வைகாசிதான். அடைத்த கதவுதான் அந்த மௌனம்.

படுவான்கரை | மே 17, பிற்பகல் 2:10

நூதனசாலை (அருங்காட்சியகம்) பற்றிச் சொல்ல மறந்துபோனேன், என் முறிந்த அளவுகோலில் மிச்சமிருக்கிற துண்டு இது.

பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908 அகழ்வுகளில் எடுத்த வெண்கலங்கள் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. நடராசரின் இடுப்பு வளைவையும் துணி மடிப்பையும் அங்கே நின்று பார்க்கலாம். அதே மூர்த்தி கோயிலில் இருந்தால் பட்டும் மாலையும் சாத்தி முகமும் கையும்தான் தெரியும். சிற்பி பல மாதம் இழைத்த இடுப்பு திரைக்குள். கை உடைந்தால் கோயிலில் பின்னமான மூர்த்தி, பூசைக்கு ஆகாது. நூதனசாலையில் உடைந்த கையோடு விளக்குப் போட்டு நடுவில் வைப்பார்கள்.

சிற்பிக்கும் இது தெரியும். கண்திறப்பு வரைக்கும் அது அவன் வேலை, தட்டலாம், திருத்தலாம், மூக்கு சப்பை என்று அடுத்த சிற்பி சொல்லலாம். பொன்னூசியால் கருவிழி கீறிய பிறகு மூக்கைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

எழுவான்கரை | மே 17, மாலை 4:00

அப்ப கண்திறப்புத்தான் எல்லைக் கல்லு. அதுக்கு முன்னால கலை, பின்னால சாமி. நான் வெண்டிட்டன்.

சல்லரி | மே 17, மாலை 4:12

தம்பி, மூர்த்திக்கு ஒருக்காத்தான் கண் திறக்கிற. கூத்தாடிக்கு ஒவ்வொரு இரவும் திறக்கோணும். பாட்டுக்கு ஒவ்வொரு அடிக்கும்.

படுவான்கரை | மே 17, இரவு 10:40

சல்லரி சொன்னதுக்குப் பிறகு ஒரு விசயம் பிடிபடுது. எது பிழை என்று கேட்டது அரைக் கேள்வி. பிழை விட்டால் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதுதான் மற்ற அரை.

கோயிலில் ஓதி முடிந்ததும் சொற்பிழை பொருட்பிழை பொறுத்தருள் என்று தெய்வத்தைக் கேட்கிறோம். புலவன் அவையடக்கத்தில் சபையைக் கேட்கிறான். நம்முடைய கூத்துக் கொப்பிகளைத் திறந்து பாருங்கள்: காப்பு பிள்ளையாருக்கு, அவையடக்கம் சபைக்கு, கடைசியில் வாழி எல்லாருக்கும். இரண்டு பக்கமும் கணக்கு ஒப்புவிக்கிறான் கூத்தன். மேடைக்குப் போனபோது பல இடங்களில் காப்பு நிலைத்தது, அவையடக்கம் விழுந்தது; அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் செய்கிற நன்றியுரை அந்த இடத்துக்கு வந்தது. சாமியை வெட்டிவிட்டார்கள் என்று எல்லாரும் கவலைப்படுகிறோம். வெட்டுப்பட்டது சபை.

அக்கரைப்பற்று | மே 17, இரவு 11:02

ஓதி முடிச்சு நாங்க சொல்றதும் ‘அல்லாஹ் உண்மை சொன்னான்’ எண்டுதான். கேட்டவங்களுக்கு நன்றி எண்டு இல்ல. ஆனா நல்லா ஓதினா பின்னால இருந்து ‘மாஷா அல்லாஹ்’ எண்டு சத்தம் வரும். ரசிகன்ட கைதட்டலும் அங்க சாமிட பேர்லதான் வருது பாருங்க. எழுவான்கரைத் தம்பிக்கு இது பதில்: குரல் நல்லாரிக்கி எண்டு மனசில பட்டா, அதைப் படைச்சவன்ட பக்கம் திருப்பி விடுங்க. கும்பிடுறது நிக்காது.

எழுவான்கரை | மே 18, காலை 7:25

இது கொஞ்சம் உள்ள போகுது காக்கா. யோசிக்கிறன்.

வேற ஒண்டு. காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் துறவி. இசைக் கணக்குக்கு ஏன் அவ்வளவு காலம் செலவழிச்சார்?

படுவான்கரை | மே 18, காலை 9:00

பதினைந்து ஆண்டு அளவில். அவர் எழுதிய யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவன் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகள் மறைந்தார். சுருதிக்குப் பின்னக் கணக்கும், வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்று நரம்பு எண்ணிக்கையும் நிறைந்த நூல் அது. அதைக் கல்லூரி மண்டபத்தில் வைக்காமல் கோயிலில் வைத்து, புலவர்களையும் இசைவாணர்களையும் முன்னால் இருத்தினார்கள். மன்னிப்புக் கேட்க இரண்டு பேரும் ஒரே இடத்தில்.

அவர் மட்டக்களப்பு வாவியில் நள்ளிரவில் எழும் மீன்பாட்டையும் நீரரமகளிர் பாட்டாக்கினார். மீனுக்குச் சமயம் என்ன என்று சல்லரி கேட்கப் போகிறார், தெரியும்.

சல்லரி | மே 18, காலை 9:04

கேட்கல்ல. கல்லடிப் பாலத்தில வாகனச் சத்தத்துக்க மீன் பாடினா அது தவம், அவ்வளவுதான்.

ஆனா சத்தம் எண்ட உடன ஒரு வயித்தெரிச்சல். இவ்வளவு பேசுறம், ஸ்பீக்கர் எல்லாத்தையும் கெடுக்குது. கணக்குச் சொல்றன். சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். கோயில்ல இருந்து 170 மீற்றரில ஒரு புனல் ஸ்பீக்கர கோயிலப் பார்க்கத் திருப்பிக் கட்டினா, பாட்டு அரைச் செக்கன் பிந்தித் திரும்பி வரும். செக்கனுக்கு ரெண்டு அடி போற உடுக்குக்கு அது சரியா ஒரு அடி. பாடுறவர் தன்ட குரலயே துரத்திக்கொண்டு ஓடுவார். மெதுவாக்குவார், உடுக்குக்காரர் இழுப்பார், குளிர்த்தி கலையும். பிறகு ‘இந்த முறை தெய்வம் சரியா வரல்ல’ எண்டு பூசை செய்யிற கப்புகனாரக் குத்தம் சொல்லுவாங்க.

செய்யிற வழி: புனல் எல்லாத்தையும் பாடுற இடத்துக்குக் கிட்ட ஒரே கம்பத்தில, வெளிப்பக்கம் பார்க்கக் கட்டோணும். பாட்டுக்கு ஒரு மைக், வாயில இருந்து அரைச் சாண். உடுக்குக்கு வேற மைக், ஒரு சாண் தள்ளி, தோல் நடுவுக்கு நேர இல்லாம விளிம்புப் பக்கம் சாய்ச்சு. ஒரே மைக்கில ரெண்டையும் விட்டா உடுக்கு சொல்லைத் தின்னும். இதெல்லாம் செஞ்சாலும் புனல் ஸ்பீக்கர் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ கிட்டத்தட்ட ஒண்டையும் தராது. உடுக்கின்ட உறுமல் போய் டக் டக் எண்ட சத்தம்தான் ஊருக்குக் கேட்கும்.

அக்கரைப்பற்று | மே 18, காலை 10:15

பனிக்குத் தோல் இறங்குறதையும் சேருங்க. றபானுக்கும் இதே தொல்லை.

சல்லரி | மே 18, பகல் 12:30

ஓம், வாவிப் பக்கம் நடுச்சாமத்துக்குப் பிறகு ஈரம் ஏறித் தோல் தளரும். உடுக்குக்கு நடு இடுப்புக் கயித்த இறுக்கிக் கொஞ்சம் சமாளிக்கலாம். பறைக்கு வைக்கோல் கொளுத்தி ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுச் சுழட்டிச் சுழட்டிக் காட்டோணும். அவசரப்பட்டு நெருப்புக்குள்ள நீட்டினா ஓரத்தில வெடிச்சு, அந்த ராவைக்கு அவ்வளவுதான். மத்தளத்துக்கு நெருப்பு வேணாம், வார இழுங்க, பூசின மா காய்ஞ்சா நனைச்சுத் திரும்பப் பூசுங்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா ஆராவது தோலத் தட்டிப் பார்க்கோணும், பாட்டுக்கு இடைவெளி வாற நேரமாப் பார்த்து.

எழுவான்கரை | மே 18, இரவு 8:40

சரி, கடைசிக் கேள்வி. குளிர்த்திக்கு எங்க நிண்டால் நல்லது? ரசிக்கவோ கும்பிடவோ, ரெண்டில எதுக்கெண்டாலும்.

படுவான்கரை | மே 18, இரவு 9:25

முன்வரிசை வேண்டாம், அது நேர்த்திக்காரருக்கு. கம்பத்துக்குக் கீழும் வேண்டாம். உடுக்குக்காரரின் பக்கவாட்டில், ஸ்பீக்கர் இல்லாமலே உடுக்குக் கேட்கிற தூரத்தில் நில்லும். தண்ணீர் தெளிக்கிறபோது தொலைபேசியை மடியில் வையும், நனையும்.

சல்லரி | மே 18, இரவு 9:31

செருப்ப ஞாபகமான இடத்தில விடும் தம்பி. விடியக்காலம் எல்லாச் செருப்பும் ஒரே மாதிரித்தான் தெரியும்.